முப்பத்தெட்டு கிலோ

முப்பத்தெட்டு கிலோ இருந்தான் மகன்.

வரும் வழியில் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றி எடை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார் அப்பா. தலை, கழுத்து, இரண்டு தோள், பாதி மார்பு. உள்ளே கம்பி கட்டி சிமெண்டில் செய்தது.

செய்தவன் மகனோடு ஒரே சாரத்தில் நின்று பூச்சு வேலை பார்த்த கூட்டாளி. கூடவே வந்து சாக்குச் சுற்றிய சிலையை வாசலில் இறக்கி வைத்தவன், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

மேசைமேல் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். மனைவி கேட்கவில்லை.

"உக்கார வைக்க அவன் என்ன கிழவனா? நிக்கிற மாதிரி இருக்கணும். அவன் உசரத்துக்கு."

சுவரோடு ஒட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். தன் நெற்றிக்கு நேராகச் சுவரில் விரலை வைத்தாள். மகனின் மோவாய் அங்கேதான் வரும். அவர் பென்சிலால் கோடு போட்டார்.

"எத்தனை நாள் ஆனாலும் சரிங்க. இன்னொரு தடவை அவன் கீழ விழக் கூடாது."

ஆறாவது மாடியிலிருந்து விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது.

முப்பது வருஷமாகச் சாரம் கட்டுகிறவர் அவர். விரல் முட்டியால் சுவர்களைத் தட்டிக்கொண்டே போனார். அரைக்கல் சுவர்கள் பொத்பொத்தென்றன. சமையலறையை ஒட்டிய முக்கால் அடிச் சுவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பென்சில் கோட்டை அங்கே மாற்றிக்கொண்டார்.

சிலைக்கான இரும்புத் தாங்கியைப் பொருத்தத் துளை போடும் மெஷினை வைத்து அழுத்தினார். முதலில் வெள்ளைத் தூள். அப்புறம் சாம்பல் தூள். அதுவரைக்கும் வெறும் பூச்சு. சிவப்புத் தூள் கொட்டினால்தான் செங்கல். சிவப்பைப் பார்க்காமல் போல்ட் முடுக்குகிறவனை அவர் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது துளையில் சிவப்பு வரவில்லை. இரண்டு கல்லுக்கு நடுவே சந்தில் இறங்கிவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. போல்ட்டும் இறுக்கமாகத்தான் உட்காரும், ஒரு வாரமோ ஒரு மாதமோ.

அவர் மூன்று துளைகளையும் அடைத்தார். இரும்புத் தாங்கியை நாலு விரற்கடை தள்ளிப் பிடித்து முதலிலிருந்து ஆரம்பித்தார். நாலு போல்ட் போதும். எட்டு அடித்தார்.

சத்தம் பொறுக்காமல் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, அண்ணன் சுவத்துல யானை கட்டப் போறாரா?"

"கட்டுனாலும் கட்டுவாரு. அவர் கை பட்டது ஒண்ணு இதுவரைக்கும் கழண்டது கிடையாது."

வெகு நாளைக்கப்புறம் மனைவியின் குரலில் ஒரு பெருமை. அவர் மெஷினைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

எட்டையும் முடுக்கி முடித்ததும் தாங்கியின் மேல் ஏறி உட்கார்ந்தார். காலைத் தரையில் படாமல் தொங்கவிட்டார். எழுபது கிலோ. ஒரு பீடி குடிக்கிற நேரம் அப்படியே இருந்தார், மதில்மேல் ஏறிய பையன் மாதிரி. தன் உடம்பைக் கொடுத்துப் பார்க்காத இடத்தில் இன்னொருத்தனை ஏற்றக் கூடாது. சாரக்காரனுக்கு அதுதான் சட்டம்.

இரண்டு பேருமாகச் சிலையைத் தூக்கி வைத்தார்கள். அடியில் நீட்டியிருந்த கம்பியைத் தாங்கியின் ஓட்டையில் இறக்கி, கீழிருந்து நட்டை முடுக்கினார். பிறகு எழுந்து சிலையின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

மனைவி சாக்கை உருவினாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். காது மடலைத் துடைத்தாள். தோளுக்கு வந்ததும் கை நின்றது.

இரண்டு தோளிலும் அகலமாக ஒரு பட்டை. நெஞ்சில் அதன் கொக்கி.

"இது பெல்ட்டு இல்ல?"

அவர் அடியில் கொடுத்திருந்த பிடியை இன்னும் இறுக்கினார்.

"அடப் பாவி. பெல்ட்டப் போடு, பெல்ட்டப் போடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, அப்பப் போட்டியா? இப்ப சிமெண்டுல போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான் பாருங்க, தொரை."

சிமெண்ட் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பிறகு அந்த இடத்தையே தடவினாள்.

இரண்டு வருஷமாகக் காலையில் எழுந்ததும் மகன் படத்துக்கு முன்னால் நின்று இதே திட்டுத்தான். பாதுகாப்பு பெல்ட் அணியவில்லை என்று போலீஸ் காகிதத்திலும் எழுதியிருந்தது. அவள் திட்டி முடிக்கும்வரை அவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார்.

சிலையைத் தராசில் வைக்கும்போதே சாக்கு விலகி, பட்டையை அவர் பார்த்துவிட்டார். அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் உளியை எடுத்துக்கொண்டு சிலை முன்னால் உட்கார்ந்தும் பார்த்தார். மகன்மேல் உளி வைக்க வரவில்லை.

கூட்டாளி கண்ணால் கண்டதைத்தான் செய்திருந்தான்.

மகன் பெல்ட் போட்டிருந்தான். பெல்ட்டின் கயிற்றை மாட்டியிருந்த இரும்பு வளையம் சுவரில் நிற்காமல் அவனோடு கீழே வந்தது. அன்றைக்குக் காலை அவர் முடுக்கிய வளையம். கடைசிவரை சாம்பல் தூள்தான் கொட்டியது. தொங்கிப் பார்க்க நேரமில்லை. ஏறுடா, தாங்கும் என்றார்.

ஆட்கள் ஓடி வருவதற்குள் மகன் உடம்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றியவன் அந்தக் கூட்டாளி.

கழற்றச் சொன்னவர் இவர்.

"கையை எடுங்க," என்றாள் மனைவி. "அதான் கெட்டியா நிக்குதே."

அவர் கையை எடுக்கவில்லை.