காத்திருப்பேன்

"எவன்டி அவன்? எவன் போட்ட மோதிரம் இது?"

மணியம்மாள் மகள் ரம்யாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்தபோது, ஷோபனா வேனில் ஏறப் போய்க்கொண்டிருந்தாள்.

ஜவ்வாது மலை விடுதிப் பெண்களுக்கு ஷோபனாவின் வேலூர் சபை நடத்திய முகாம் அன்றுதான் முடிந்திருந்தது. ஆளுக்கு ஒரு வெள்ளை டி-ஷர்ட், ஒரு மோதிரம். கல்யாணம்வரை கற்போடு இருப்பேன் என்று ஆண்டவரிடம் கொடுக்கும் வாக்குக்கு அடையாளம். டி-ஷர்ட்டின் நெஞ்சில் சிவப்பு எழுத்தில் 'காத்திருப்பேன்' என்று போட்டிருக்கும். வேலூரில் அதைப் போட்டுக்கொண்டு போனால் பாராட்டுவார்கள். இங்கே அடி விழும் போலிருந்தது.

மணியம்மாளுக்குப் பின்னால் அவள் அண்ணன் கோபால்சாமி. பதினொன்றாவது படிக்கும் ரம்யாவைத் தை மாதமே தன் மகனுக்கு முடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர். கலசப்பாக்கத்தில் கூரைப்புடவைகூட எடுத்தாகிவிட்டது. பெண்ணைக் கூட்டிப்போக வந்தவர் கண்ணில்தான் டி-ஷர்ட்டும் மோதிரமும் பட்டுத் தொலைத்தன.

"எவனுக்குக் காத்துக்கினு கீறா? கேளு மணி, நல்லா கேளு!"

ஷோபனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, ஆள் யாரும் இல்லீங்க. மோதிரம் நான்தான் போட்டுவிட்டேன். கல்யாணம் ஆகிற வரைக்கும் ஒழுக்கமா இருப்பேன்னு சாமிக்குக் குடுத்த வாக்குங்க இது."

கோபால்சாமியின் முகம் மலர்ந்தது. "அவ்ளோதானா? நல்ல வாக்குதான். தையில தாலி ஏறிச்சுன்னா வாக்கும் முடிஞ்சுது. கெளம்பு பாப்பா."

ரம்யா கிளம்பவில்லை. மோதிர விரலை மறு கையால் மூடிக்கொண்டு ஷோபனாவையே பார்த்தாள். நேற்று மோதிரம் போடும்போது, "இத எதுவரைக்கும் கழட்டக் கூடாதுக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது இந்தப் பெண்தான். ஏன் கேட்டாள் என்று ஷோபனாவுக்கு இப்போதுதான் விளங்கியது.

பெற்றவளாவது தடுத்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தால், அவள் இடுப்பில் கை வைத்துச் சண்டைக்கு நின்றாள்.

"பாதிய முழுங்காத டீச்சரம்மா. சாமிகிட்ட குடுத்த வாக்குன்னா ஒரு கெடு இருக்குமில்ல? நடுவுல கழட்டினா இன்னா ஆவும்? எங்களக் கேக்காம வேலையப் பண்ணி வச்சிட்டு இப்ப முழிக்கிறியா? முழுசா சொல்லு!"

இப்படியும் ஒரு தாயா என்று ஷோபனாவுக்கு மனசு கொதித்தது. பொய் சொல்லக் கூடாது என்று காலையில்தான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருந்தாள். ரம்யாவின் மூடிய விரலைப் பார்த்தாள்.

"காலேஜ் முடிக்கிற வரைக்கும் கெடுங்க. அதுக்குள்ள கழட்டினா... கழட்ட வச்ச குடும்பத்துக்கு ஆகாது."

"ஐயையோ! எங்கண்ணன் குடும்பத்துக்கா?" மணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு பெருங்குரலெடுத்து அழுதாள். "ஒத்தப் புள்ளய வச்சிக்கினு கீறியே அண்ணா! பொங்கல் வெக்க மறந்ததுக்கே சாமைப் பயிரு பூரா கருகிப்பூட்ச்சின்னு நீதான சொன்ன? எந்தச் சாமியா இருந்தா இன்னா, வாக்கு வாக்குதான!"

மோதிரத்தைக் கழற்ற நீண்ட கோபால்சாமியின் கை பாதியில் நின்றது. அந்தக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"படிச்சே கெடக்கட்டும்! எம் புள்ளைக்கு ஒண்ணும் பொண்ணுப் பஞ்சம் இல்ல" என்று பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஷோபனா குற்றவாளி மாதிரி நின்றாள். "மன்னிச்சிக்கங்கம்மா. நீங்க பாத்த சம்பந்தத்தை நான்..."

பைக் சத்தம் மலை வளைவில் மறையும்வரை மணியம்மாள் அழுகையை நிறுத்தவில்லை. அப்புறம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு மோதிரம் கீதா, கண்ணு? சின்னவளுக்கு எட்டாவது முடியப் போவுது."