பதினான்காம் பாடம்

“அப்படியா சொன்னேன்? ‘எட்வின், வெளிய போ, நீயெல்லாம் உருப்பட மாட்டே’ன்னு?”

“இருபத்திரண்டு வருஷமா சொல்றீங்க, மேடம். நான் எழுந்து போற வரைக்கும் உங்க உருவம் பாடத்தைத் தொடராது.”

சௌந்தரவல்லியின் வகுப்புகளை முப்பரிமாண ஒளியுருவமாகப் பதிவுசெய்த மறுமாதமே கல்லூரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பதிவின்போது அவர் விரட்டிய மாணவன் எட்வின், இப்போது அதே வகுப்பில் அந்த உருவத்தை இயக்கும் ஊழியர். ஆண்டுதோறும் பதினான்காம் பாடத்தில் எட்வின் எழுந்து வெளியேறுவார், பிள்ளைகள் விசிலடிப்பார்கள்.

“அந்த வரியை அழிச்சிட வேண்டியதுதானே?”

“ஒரு வார்த்தைகூட மாத்தக் கூடாதுன்னு நிர்வாகம் சொல்லுது.”

“வேற யாராவது எழுந்து போகட்டுமே.”

“அதுக்கு என் முகம் தெரியும், மேடம்.”

சௌந்தரவல்லி தன் வீட்டில் கொடுத்த காபியைத் தொடாமல் எட்வின் மூன்றாவது முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாளைக்குப் பதினான்காம் பாடம். என் பொண்ணு ஜெர்லின் இந்த வருஷம் முதல் பெஞ்சுல இருக்கா.”

சௌந்தரவல்லி தலைகுனிந்திருந்தார்.

“ஒரே ஒரு உதவி, மேடம். நான் வெளிய வர்ற நேரத்துக்கு வகுப்பு வாசல்ல வந்து நில்லுங்க. அவ காதுல விழற மாதிரி, ‘எட்வின், உள்ள வா’ன்னு ஒரு தடவை கூப்பிடுங்க.”