ஊர்க்காரன்

"பையன் ஊர்க்காரன்..."

அப்பா தனசேகரன் போனில் அத்தையிடம் சொன்னது வைஷாலியின் காதில் விழுந்தது. மேற்கொண்டு கேட்கப் பிடிக்காமல், கதவைப் படாரென்று சாத்திவிட்டு ஆய்வுக்கூட வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களை, சிங்கப்பூரிலேயே பிறந்தவர்கள் சொல்லும் சொல் அது. சிலர் வாயில் வெறும் விவரம். சிலர் வாயில் ஏளனம்.

ஜூரோங் கப்பல் பட்டறையில் எஞ்சினியராக இருக்கும் ஷங்கரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று முந்தின நாள்தான் வீட்டில் சொல்லியிருந்தாள். அப்பா வாயே திறக்கவில்லை. இப்போது திறந்துவிட்டாரே, மகராசன்!

மாலையில் நேராக, இந்தியர் கடைத்தெருக்கள் உள்ள தேக்காவுக்கு வந்தாள். அங்கே ஒரு புதைபொருள் கண்காட்சியில் அப்பா தொண்டூழியர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஈயக்கட்டியைக் காட்டி, "இது நம்ம சிங்கப்பூர் ஈயம்!" என்று வந்தவர்களிடம் அளந்துகொண்டிருந்தார்.

கூட்டம் நகர்ந்ததும் வைஷாலி சொன்னாள்.

"இந்தக் கட்டியைச் சோதிச்ச எங்க லேப் ரிசல்ட் வந்துடுச்சுப்பா. இது சிங்கப்பூர் ஈயம் இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"ஈயத்துல வேற வேற எடையில அணுக்கள் கலந்திருக்கும். ஐசோடோப்னு சொல்வோம். அந்தக் கலவை சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். இது தாய்லாந்து சுரங்கத்தோட ஒத்துப்போகுது."

"அதனால என்ன? எத்தனை நூறு வருஷமா இந்த மண்ணுல கிடந்திருக்கு! எங்க பிறந்தா என்ன, இது நம்ம ஈயம்தான் லா!"

வைஷாலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஈயத்துக்கு ஒரு நியாயம், ஷங்கருக்கு ஒரு நியாயமாப்பா? காலையில அவரை ஊர்க்காரன்னு சொன்னீங்களே!"

"ஆமா, சொன்னேன்."

"வெட்கமா இல்ல? நான் அவரைத்தான் கட்டிக்கப்போறேன். உங்க ஆசீர்வாதம் இல்லாம கட்டிக்கணுமேன்னுதான் அழுகையா வருது."

"நான் பேசினதை முழுசாக் கேட்டியா?"

"முழுசா வேற கேட்கணுமா?"

தனசேகரன் சிரித்துவிட்டார்.

"நேத்து நீ தூங்கினதும் ஷங்கருக்குப் போன் போட்டேன். அவங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்களாம். நீ என்கிட்ட சொல்லவே இல்லையே? அதான், 'பையன் ஊர்க்காரன், அவங்கம்மாவால இங்க வர முடியாது, கல்யாணத்தை அங்கயே வச்சுக்கலாம், நாம எல்லாரும் கிளம்பிப் போவோம்'னு உன் அத்தைகிட்ட சொல்லிட்டிருந்தேன்."