புளியின் கறுத்த கிளை

மொட்டைமாடியில், தட்டையான இரண்டு தொட்டிகளில் ஒரு போன்சாய் புளியும் ஒரு போன்சாய் ஆலும் இருந்தன. கத்தரிக்கோல் அவ்வப்போது வந்து இரண்டையும் அளவாக நறுக்கிவிட்டுப் போகும்.

ஒருநாள் புளி வாய் திறந்தது. "அண்ணே, அழகுக்காக வளைச்சுக் கட்டின கம்பி என் கீழ்க்கிளைக்குள்ள இறங்கிடுச்சு. உள்ளே கறுத்து அழுகுது. இன்னைக்கே அந்தக் கிளையை வெட்டிட்டா பொழச்சுக்குவேன்."

கத்தரிக்கோல் குனிந்து பார்த்தது. அழுகல் உண்மைதான்.

"வர்றவங்க எல்லாரும் அந்த வளைவைத்தானே பாராட்டுறாங்க? அதுல நான் கை வைக்க முடியுமா?" என்றது. "அது கிடக்கட்டும். யாரைக் கேட்டு உச்சியில இந்தத் தளிரை விட்டே?"

"என் உடம்புல வலி இல்லாத இடம் அது ஒண்ணுதாண்ணே."

"அதுக்காக? அளவைத் தாண்டி நிக்குதே."

தளிர் தரையில் விழுந்தது.

கத்தரிக்கோல் போனதும் ஆல் கடிந்துகொண்டது. "உனக்கெதுக்கு இந்த வேலை? உன்னை யாராவது கேட்டாங்களா?"

"வலிச்சுது. சொன்னேன்" என்றது புளி.

மழைக்காலம் முடிவதற்குள் புளி பட்டுப்போனது.

"நல்ல மரம். கடைசிவரைக்கும் வளைவு கெடவே இல்லை" என்று கத்தரிக்கோல் மனதார வருத்தப்பட்டது. பிறகு ஆலின் பக்கம் திரும்பியது. "உனக்கு ஏதாவது குறை இருந்தா தைரியமா சொல்லு."

ஆல் தன் அழுகிய வேரை மண்ணுக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது.

"நீங்க இருக்கையில எனக்கென்னண்ணே குறை?"