ரைட்டருக்குத் தட்டை

"திருடன் வந்து டெபாசிட் பண்றானா? ரவுடி பண்றானா? ஒழுங்கா லைசென்ஸ் வாங்கினவன் துப்பாக்கியைப் புடுங்கி வச்சுக்கிட்டா ஊர்ல குற்றம் குறைஞ்சிடுமா ரைட்டர்?"

துரைராஜ் போட்ட சத்தத்தில், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மனுவோடு நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

ரைட்டர் வீராசாமி நிமிரவே இல்லை. "எலெக்‌ஷன் சமயத்துல லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்கிறது ரூல் சார். எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எலெக்‌ஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சுய்யா! ஜெயிச்சவன் தொகுதியையே மறந்துட்டான். நீ இன்னும் என் துப்பாக்கியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே."

"சாவி வச்சிருக்கிற ஏட்டு லீவுல இருக்கார் சார். அடுத்த வாரம் பார்க்கலாம்."

போன தடவை இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்து. அதற்கு முன்னால் ரிஜிஸ்டர் ஆடிட்டுக்குப் போயிருந்தது. மனுஷன் வாயைத் திறந்தால் ஒரு சாக்கு ரெடி.

"எங்க ஏரிக்கரைத் தெருவுல போன மாசம் சங்கிலி அறுத்துட்டுப் போனான். என் கையில துப்பாக்கி இருந்திருந்தா?"

"பைக்ல போறவனைச் சுட்டிருப்பீங்களா சார்?"

"சுடறது வேற. ஒரு பயம் இருக்கும்ல!"

"பயம் யாருக்குங்கறதுதான் சார் விஷயம்" என்று சொல்லிவிட்டு வீராசாமி எழுத ஆரம்பித்தார்.

துரைராஜுக்கு ரத்தம் கொதித்தது. அந்தத் துப்பாக்கி அப்பா காலத்து இரட்டைக் குழல். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருக்கிற தோப்புக் காவலுக்கு வாங்கியது, அவருக்கப்புறம் இவர் பேருக்கு லைசென்ஸ் மாறியது. ஏப்ரலில் டெபாசிட் பண்ணப் போனபோது மனைவி ஜோதிலட்சுமியும் கூட வந்தாள். லைசென்ஸை ஜெராக்ஸ் எடுத்து வர இவர் கடைக்கு ஓட, அவள் அந்தப் பத்து நிமிஷமும் ரைட்டர் மேஜை முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். போலீஸ் ஸ்டேஷன்னாலே நடுங்குகிறவளுக்கு அன்றைக்கு எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ.

அதற்கப்புறம் இவர் துப்பாக்கி கேட்டுக் கிளம்பும்போதெல்லாம் கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திணித்துவிடுவாள்.

"வெறுங்கையோட போகாதீங்க. தட்டை சுட்டிருக்கேன். நான் குடுத்தேன்னு சொல்லி ரைட்டர்கிட்ட குடுங்க."

மூன்று தடவை போனார், மூன்று டப்பா போனது. தட்டை மட்டும் போனதே தவிர துப்பாக்கி வரவில்லை. சரி, பெரிசா எதிர்பார்க்கிறான் போலிருக்கு என்று ஒரு தடவை ஐந்நூறு ரூபாய் நோட்டை மடித்து ரிஜிஸ்டருக்கு அடியில் தள்ளினார்.

"வேண்டாம் சார்" என்று திருப்பித் தள்ளிவிட்டார் வீராசாமி. தட்டை டப்பாவை மட்டும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். என்ன ஜென்மமோ!

இத்தனை எரிச்சலிலும் துரைராஜுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் தனிக்குடித்தனம் இருக்கும் மகன் ஹேமநாத், ரெண்டு வருஷமாக வாசல்படி மிதிக்காதவன், ஜூன் மாசத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வருகிறான். மருமகளும் வருகிறாள். மூன்று வயசுப் பேத்தி, தாத்தா தொப்பையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது.

அவன் வராமல் போனது தோப்பை விற்கிற பேச்சில் வந்த சண்டையால். ஒரு பொங்கல் அன்றைக்கு, ஆத்திரத்தில் துப்பாக்கியை எடுத்து மகன் முன்னால் நீட்டிவிட்டார். தோட்டாகூட இல்லை, சும்மா மிரட்டத்தான். அதுக்குப் போய் அப்படியே கிளம்பிப் போய்விட்டான். இப்போ கோபம் ஆறிவிட்டது, தன் ரத்தமாச்சே என்று நினைத்துக்கொண்டார்.

இனி பொறுப்பதில்லை என்று மேலதிகாரிக்கு மனு எழுதிப் போட்டார். பத்தே நாளில் வேலை நடந்தது. உடனே கொடுக்கச் சொல்லி உத்தரவு. ரைட்டருக்கு மெமோ.

சனிக்கிழமை காலை மிடுக்காக ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். ஜோதிலட்சுமி நீட்டிய டப்பாவை வாங்கவில்லை.

"இனிமே அந்தாளுக்குத் தட்டை ஒரு கேடா?"

அவள் டப்பாவோடு உள்ளே போய்விட்டாள்.

வீராசாமி துப்பாக்கியை உறையோடு கொண்டு வந்து மேஜையில் வைத்தார். ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். "இங்க கையெழுத்துப் போடுங்க சார்."

"மெமோ வந்துதாமே?"

"வந்துது சார். பரவாயில்ல." குனிந்து ஒரு ஒயர் கூடையை எடுத்து துப்பாக்கி பக்கத்தில் வைத்தார். "மூணு டப்பாவும் கழுவி வச்சிருக்கேன். அம்மாகிட்ட குடுத்துடுங்க. இதுக்கு மேல என்னால இழுத்தடிக்க முடியலைன்னு சொல்லுங்க. மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

துரைராஜுக்குப் புரியவில்லை. "சீக்கிரம் குடுக்கணும்னுதானேய்யா அவ தட்டை குடுத்தனுப்பினா?"

வீராசாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க ஜெராக்ஸ் எடுக்கப் போனப்போ அம்மா அழுதுட்டாங்க சார். 'இது வீட்டுல இருக்கிற வரைக்கும் புள்ளையும் வரமாட்டான், பேத்தியையும் கண்ணுல காட்டமாட்டா மருமக. எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் நீங்களே வச்சுக்குங்க'ன்னாங்க."

துரைராஜ் கையில் பேனா அப்படியே நின்றது. அன்றைக்குப் பொங்கலன்று ஹேமநாத் கைக்குழந்தையோடு நின்ற பெண்டாட்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான். இத்தனை நாள் அது ஞாபகத்துக்கு வரவே இல்லையே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

பேனாவை மூடினார். துப்பாக்கியை மெல்ல ரைட்டர் பக்கம் தள்ளிவிட்டு, ஒயர் கூடையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார்.

"ரைட்டர் சார்... அடுத்த எலெக்‌ஷனுக்கு இப்பவே டெபாசிட் பண்ணிடலாமா?"