வடிகட்டியார் வீட்டுத் தண்ணீர்

சமையலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

குளிக்கப் போன வடிகட்டியார், சோப்பு மறந்து திரும்பி வந்து, இடுப்பில் துண்டோடு அந்தக் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார். உள்ளே மூடி திறக்கும் சத்தம். அப்புறம் தண்ணீர் ஊற்றும் சத்தம். அப்புறம் போனில் மனைவியின் அடங்கிய குரல்.

"ஆறு மாசமா இதைத்தான் குடிக்கிறாரு அண்ணி. இன்னும் ஒண்ணுமே ஆகலை. நீங்களும் அண்ணனுக்குத் தெரியாம தைரியமா ஆரம்பிங்க."

வடிகட்டியாருக்குத் தொண்டை வறண்டது. ஆனால் இனி அந்த வீட்டில் தண்ணீர் கேட்கத் துணிச்சல் ஏது?

வடிகட்டியார் என்பது தெரு வைத்த பேர். நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவர். ஒரு ஃபில்டர் வாங்க நாலு மாதம் ஆராய்ச்சி செய்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கரண்டு வேண்டாம்; மேல் தொட்டியில் ஊற்றினால் மெழுகுவத்தி போன்ற இரண்டு வெள்ளைப் பீங்கான் கேண்டில் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழ்த் தொட்டியில் இறங்க வேண்டும்; அதுதான் உத்தமம் என்று முடிவு கட்டினார். ஜன்னலோரம் இருந்த மனைவியின் தையல் மெஷினை மூலைக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஸ்டாண்டு போட்டார். ரசமட்டம் வைத்துச் சாய்வு பார்த்தார். முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கீழே கொட்டினார். மூன்றாவதில் செம்மண் கலந்து, தெருவையே கூப்பிட்டு, மேலே ரத்தமாகப் போனது கீழே பளிங்காக வருவதைக் காட்டினார். கைதட்டல்கூடக் கிடைத்தது.

அன்றோடு அவர் வேலை முடிந்தது. தினம் மூன்று வேளை ஊற்றுவதும், வாரம் ஒரு முறை கேண்டிலைக் கழற்றித் தேய்ப்பதும் மனைவியின் கடமை என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். ருசி பார்ப்பதை மட்டும் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். "குழாய்த் தண்ணியா? அது வண்டி கழுவறதுக்கு" என்பார், வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு டம்ளரை நீட்டியபடி.

இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்த ஃபில்டர் தண்ணீரை அவள் தொடுவதே இல்லை. பிள்ளைகளுக்கும் குழாயில் பிடித்துத்தான் கொடுக்கிறாள். முன்பொரு நாள் வெள்ளையாக எதையோ பேப்பரில் சுற்றிப் பரணில் செருகினாள். கேட்டதற்கு "ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

கட்டின புருஷனைக் கொல்லும் அளவுக்கு அவளுக்கு என்ன காரணம் இருக்க முடியும்? ஒன்றைத் தேடப் போனவருக்கு வரிசையாக ஒன்பது கிடைத்தது. பத்தாவதாகத் தையல் மெஷின் வந்து நின்றதும் யோசிப்பதை நிறுத்திவிட்டு, சட்டை வேட்டியை மாட்டிக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். அங்கே ஏட்டாக இருப்பவர் அவளுடைய அண்ணன்.

"உங்க தங்கச்சி எனக்கு விஷம் வைக்கிறா மச்சான்."

ஏட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "நீங்க பேசற பேச்சுக்கு இத்தனை வருஷம் பொறுத்தாளே, அதைச் சொல்லுங்க மாப்பிள்ளை."

"போன்ல பேசினது உங்க பொண்டாட்டிகிட்ட. உங்களுக்கும் ஆரம்பிக்கச் சொல்றா."

சிரிப்பு நின்றது. மாப்பிள்ளையின் சிபாரிசில் ஏட்டு வீட்டிலும் அதே ஃபில்டர்தான். வீட்டிலிருந்து கொண்டு வந்த தண்ணீர் பாட்டிலைப் பாம்பை நகர்த்துவது போல மேஜையின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

அன்றே இரண்டு பாட்டில்கள் பரிசோதனைக்கூடத்துக்குப் போயின. ஒன்றில் தெருக்குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் வடிகட்டியார் வீட்டு ஃபில்டர் தண்ணீர். முடிவு வரும்வரை, மூன்று நாளும், இருவரும் காவல் நிலைய வாசல் குழாயில் கையேந்திக் குடித்தார்கள்.

நாலாம் நாள் மாலை, உறையும் கையுமாக ஏட்டு வந்தார். அவருக்குப் பின்னால் பத்திரமான தூரத்தில் வடிகட்டியார்.

"வாங்க அண்ணே! என்ன, யூனிபார்மோட?" வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியோடு திரும்பினாள். இருவரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

ஏட்டு உறையைக் கிழித்துப் படித்தார். மறுபடி படித்தார்.

"விஷம் இல்லை மாப்பிள்ளை."

"நல்லாப் பாருங்க மச்சான்!" வடிகட்டியாரின் குரலில் லேசான ஏமாற்றம்.

"'இரண்டும் ஒரே தண்ணீர். எதுவும் சேர்க்கப்படவில்லை. எதுவும் நீக்கப்படவும் இல்லை'னு போட்டிருக்கு."

வடிகட்டியார் பாய்ந்துபோய் மேல் தொட்டி மூடியைத் திறந்தார். கேண்டில் இருந்த இடத்திலிருந்து இரண்டு ஓட்டைகள் அவரை முறைத்தன.

"பரண்ல பத்திரமா இருக்குங்க" என்றாள் மனைவி. "ஒரு சொம்பு இறங்க ஒரு மணி நேரம். அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் நகமெல்லாம் போச்சு. கழட்டின அன்னைக்குப் பயந்துகிட்டேதான் உங்களுக்கு ஒரு டம்ளர் குடுத்தேன். 'இன்னைக்குத்தான்டி ஃபில்டர் சரியா செட் ஆகியிருக்கு'ன்னீங்க."

"அப்ப நீ ஏன் அதைக் குடிக்கலை?"

"அதே தண்ணிதானே? எதுக்குங்க மேல ஊத்திக் கீழ பிடிக்கணும்?"

"உன் அண்ணி?" என்றார் ஏட்டு, மெல்ல.

"போன்ல சொன்ன அன்னைக்கே கழட்டிட்டாங்க அண்ணே."

வாசலில் செருப்புச் சத்தம். மேல் வீட்டுக்காரர் கூஜாவோடு நின்றார்.

"சார், உங்க ஃபில்டர் தண்ணி குடிச்சுப் பழகி, வேற தண்ணி தொண்டையில இறங்க மாட்டேங்குது. நாங்களும் இதையே வாங்கிடலாம்னு இருக்கோம். இப்போதைக்கு ஒரு கூஜா மட்டும்..."

ஏட்டு வடிகட்டியாரைப் பார்த்தார். மனைவியின் கத்தி நின்றது. வடிகட்டியார் மூடியைச் சத்தமில்லாமல் மூடினார்.

"மூணு மணி நேரம் சொட்டுச் சொட்டா இறங்கின தண்ணி, சிந்தாம எடுத்துட்டுப் போங்க" என்றபடி, போலீஸ் முன்னிலையில், கூஜாவை வாங்கி ஃபில்டர் குழாயைத் திறந்துவிட்டார்.