சொந்தக் கத்தி

"தாடையைத் தூக்கு தம்பி. இன்னைக்கு எந்தக் கம்பத்துல ஏறப் போறே?" என்றபடி சவரக்காரர் கன்னம் முழுக்க நுரையை அப்பினார்.

அவள் தாடையை மட்டும் தூக்கினாள். காலையிலேயே குரலைத் தடிக்கவைத்துப் பேச அலுப்பாக இருந்தது.

பெண்கள் வேலைக்குப் போகக்கூடாது என்று உத்தரவு வந்து இரண்டு வருஷம். அவள் முடியை வெட்டிக்கொண்டு, இறந்துபோன அண்ணனின் அடையாள அட்டையோடு மின்கம்பம் ஏறப் போய் ஒன்றரை வருஷம். கம்பத்தின் உச்சியில் நிற்கும்போது மட்டும்தான், ஏன் வெளியே வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

அதற்காகத் தினமும் இந்தக் கூத்து. "உனக்கு மட்டும் ஏன்டா மூஞ்சியில ஒண்ணும் முளைக்கல?" என்று மேற்பார்வையாளர் கேட்ட நாளிலிருந்து, இல்லாத தாடிக்கு இருபது நிமிஷச் சவரம். எரிச்சலில் நுரைக்குள்ளேயே பல்லைக் கடித்துக்கொள்வாள்.

சவரக்காரர் சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்தார். அது அவர் தனக்கென்று வைத்திருக்கும் கத்தி. மற்றவர்களுக்கெல்லாம் மேசையில் கிடப்பதுதான். அது சரக் சரக்கென்று சத்தம் போடும். இது சத்தமே போடாது. முடியில்லாத கன்னத்தில் சத்தம் எப்படி வரும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு சோதனை அதிகாரி வந்தார். ஆண் வேஷத்தில் சில பெண்கள் வேலைக்குப் போவதாகப் புகாராம். பிடிபட்டால் சிறை. அட்டையை வாங்கிப் பார்த்தார். அப்படியும் திருப்தியில்லை. கட்டைவிரலால் நுரையை வழித்துவிட்டு அவள் கன்னத்தைத் தேய்த்தார்.

"ரொம்ப வழவழன்னு இருக்கே."



"நம்ம கைவேலை அப்படி சார்," என்றார் சவரக்காரர். "ரெண்டு நாள் விட்டா இவன் மூஞ்சி முள்ளுக்காடு. சந்தேகம்னா என் கன்னத்தைத் தொட்டுப் பாருங்க."

அதிகாரி தொட்டே பார்த்தார். பிறகு தன் சொரசொரத்த தாடையைத் தடவிக்கொண்டு, நாளைக்குத் தானும் சவரத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் இப்போது அவர்கள் இருவர்தான். பயம் வடிந்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. சந்தையில் மாடு பிடிப்பதுபோல் ஒருவன் முகத்தைப் பிடித்துப் பார்க்கிறான். அதற்கும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

"எனக்காக ஏன் பொய் சொன்னீங்கண்ணே?"

சவரக்காரர் கத்தியை அவள் கையில் கொடுத்தார். அவள் திருப்பிப் பார்த்தாள். உள்ளே பிளேடே இல்லை.

"அப்போ, உங்களுக்குத் தெரியுமா?"

"நீ வந்த முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சும் காட்டிக்கொடுக்காம, எனக்காக உங்க சொந்தக் கத்தியில பிளேடைக் கழட்டி வச்சீங்களா?"

சவரக்காரர் கண்ணாடி முன்னால் நின்று தன் கன்னத்தில் நிதானமாக நுரையைத் தடவினார். கத்திக்காகக் கையை நீட்டினார்.

"அதுல என்னைக்குமே பிளேடு இருந்ததில்ல, தங்கச்சி."